மேளம் பின்பக்கம் போயிற்று

விடிந்தும் விடியாத நேரம். அவுரிக்காரர் வீட்டு முன்வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் சேரியிலிருந்து புறப்பட்ட மேளச் சத்தம் ஏரிக்கரையைத் தாண்டி நெருங்கிக்கொண்டிருந்தது. 

அன்று என் தங்கை கன்னியம்மாவுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை வீட்டார் வடமாலபேட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கி, மூடிய கதவுக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். புது வேட்டிகளின் கஞ்சி வாசனை வந்தது. எதிரே புங்க மரத்தடியில் ஊர்த்தெருக்காரர்கள் சிலர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இல்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள்.

பெண்ணை அழைத்து வரும் மேளம் புளியந்தோப்பு முனையில் வலப்பக்கம் திரும்பி, ஊர்த்தெரு வழியாக முன்வாசலுக்கு வரவேண்டும். முந்தின நாள் சேரியில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பேசி முடிவு செய்தது அதுதான். எங்கள் மேளம் அந்தத் தெருவில் அதற்கு முன் ஒலித்ததில்லை.

சத்தம் முனைக்கு வந்தது. கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது. பிறகு இடப்பக்கம் போயிற்று. வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி நகர்ந்து, புளியமரங்களுக்குள் புகுந்து, தேய்ந்துகொண்டே போயிற்று.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ரேணிகுண்டாவில் ரயில்வே வேலையில் இருந்தவர். வாயும் ரயில் மாதிரிதான். என் பக்கம் திரும்பினார்.

"இன்னாப்பா மச்சான், உங்காளுங்க மேளத்த அடிச்சிக்கினு எங்க போறாங்க? பொண்ண இட்டுக்கினு நாயுடுபேட்டைக்கே போய்டுவாங்களா?"

நான் பக்கச் சுவரின் முனையை எட்டிப் பார்த்தேன். எனக்கு எப்போதுமே நாலு பேர் முன்னால் நாக்கு எழாது. 

மேளம் அங்கே போய்க்கொண்டிருக்கட்டும். அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால், அந்தச் சத்தம் திசை மாறினது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியாது.

நீலம் காய்ச்சிய வீடு

எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், மலையைப் பார்த்தபடி இருக்கிறது. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி அவுரிதான் பயிர். அவுரிச் செடியை ஊறவைத்து நீலச் சாயம் எடுத்து, கட்டியாக்கி, மெட்ராசுக்கு வண்டி வண்டியாக அனுப்பிய வியாபாரி ஒருவர் அந்த வீட்டைக் கட்டினார். அதனால் அது அவுரிக்காரர் வீடு. கட்டினவரின் பெயர் அவர் குடும்பத்துக்கே மறந்திருக்கும். பயிரின் பெயர் மட்டும் வீட்டுக்கு நின்றுவிட்டது.

வீட்டின் பின்புறம் பெரிய பெரிய சுண்ணாம்புத் தொட்டிகள் உண்டு. மேல் தொட்டியில் செடியை ஊறப்போட்டு, தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்கு வடிப்பார்கள். அந்தத் தண்ணீர் பச்சையாகத்தான் இருக்குமாம். ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, துடுப்பாலும் காலாலும் அடித்துக் கலக்கிக்கொண்டே இருப்பார்களாம். அடிக்க அடிக்க, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பச்சைத் தண்ணீர் நீலமாக மாறுமாம். என் தகப்பனார் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திவிடுவார். கோயிலில் சாமி வந்ததைச் சொல்கிற குரல் அது.

தண்ணீரில் இறங்கி அடித்தவர்கள் எங்கள் சேரிக்காரர்கள். என் தகப்பனாரின் தகப்பனார் அதில் ஒருவர். அவருடைய கால்கள் முழங்காலுக்குக் கீழே நீலமாகவே இருக்குமாம். சந்தையில் கூட்டத்துக்குள் தலை தெரியாவிட்டாலும் காலைப் பார்த்து, இவன் அவுரிக்காரர் வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவார்களாம்.

சீமையிலிருந்து மலிவுச் சாயம் வந்தது. அவுரி போயிற்று. தொட்டிகள் காய்ந்தன. ஆனால் எங்கள் ஆட்கள் அந்த வீட்டுக்குப் போகிற வழி காயவில்லை. புளியந்தோப்புக்குள் நுழைந்து, பின்வாசல் வழியாகத் தொட்டியடிக்குப் போய், அங்கேயே கால் கழுவிக்கொண்டு நிற்பது. விறகு கொண்டுபோனாலும் அப்படித்தான். வேர்க்கடலை உடைக்கப் போனாலும், பண்டிகைக்கு மேளம் அடிக்கப் போனாலும் அப்படித்தான். மூன்று தலைமுறைக் கால்கள் நடந்து நடந்து அந்த ஒற்றையடிப்பாதை வாய்க்கால்போல் பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் அதில் தண்ணீர் ஓடும்.

முன்வாசல் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தூரத்தில் நின்று பார்த்திருக்கிறோம். தேக்குக் கதவில் கிளிகளும் மாங்காய்க் கொத்துகளும் செதுக்கியிருக்கும். வெயில் பட்டால் பித்தளைக் குமிழ்கள் கண்ணைக் கூசவைக்கும்.

எந்த ராஷ்டிரத்து வீடு?

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்தது. எல்லை எங்கே என்பது மட்டும் பல வருடம் முடியாமல் கிடந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்கள் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதிகாரிகள் ஜீப்பில் வந்து வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். என் தகப்பனார் யோசித்துவிட்டுச் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது.

"வூட்ல தமிழுங்க. மாட்டாண்ட தெலுங்குங்க. மாடு ரெட்டியார் வூட்டு மாடு, தமிழ்ல சொன்னா நகராது."

ஜீப்பில் வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். என்ன எழுதிக்கொண்டார்களோ தெரியாது.

அந்த வருடங்களில் நிலம், வீடு வாங்குபவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். நாளைக்கு எந்தக் கவர்மெண்டோ, எந்தத் தாலுகா கச்சேரியோ என்ற பயம். அவுரிக்காரர் வாரிசு ஒருவர் மெட்ராசில் வக்கீலாக இருந்தார். வீட்டை விற்கப் பார்த்தார். கேட்பார் இல்லை. பூட்டிப் போட்டால் வௌவாலும் கரையானும் தின்றுவிடும் என்று அவருக்குக் கவலை. மாம்பழக் காலத்தில் ஒருமுறை ஊருக்கு வந்தவர், புங்க மரத்தடியில் எல்லாரையும் கூட்டினார். நாங்களும் தள்ளி நின்று கேட்டோம்.

"இந்த வீட்ட ஊர் பொதுவுக்கு விட்டுட்டேன். கல்யாணம் காட்சி எது வேணுமானாலும் நடத்திக்கங்க. எல்லாரும் புழங்கினாத்தான் வீடு நிக்கும். எல்லாரும்னா எல்லாரும்" என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது நாங்கள் நின்ற பக்கம் பார்த்தார். அது நிஜமாகவே எங்களைப் பார்த்ததா, எங்களுக்குப் பின்னால் இருந்த மாமரத்தைப் பார்த்ததா என்று சேரியில் பல நாள் பேச்சு நடந்தது.

சாவி கிராம மணியக்காரரிடம் போயிற்று. ஊர்த்தெருவில் அதன் பிறகு வரிசையாகக் கல்யாணங்கள் அந்தக் கூடத்தில் நடந்தன. நாங்கள் பின்வாசல் வழியாக விறகு போட்டோம். எங்களை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால்தானே வேண்டாம் என்று சொல்வார்கள்?

இப்போது அந்த வீடு

இந்தப் பகுதியில் போன வாரம் நான் எழுதியதில் அவுரிக்காரர் வீட்டைப் பற்றி ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், அந்த வீடு இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

தேர்தல் வந்தால் அங்கேதான் ஓட்டுப் பெட்டி. குழந்தைகளுக்கு ஊசி போட நர்சம்மா வந்தால் அங்கேதான் உட்காருவார். மார்கழியில் பஜனை நடக்கும். காயவைத்த வேர்க்கடலையை மழை துரத்தினால், யார் வீட்டுக் கடலையானாலும் கூடத்துக்குள் வந்துவிடும். இரண்டு நாள் கழித்து யாருடையது எது என்று சண்டை வரும்.

ஒரு பெரும்புயலில் ஊரே அந்த வீட்டுக்குள் இருந்தது. நடு முற்றத்தில் வானம் பெயர்ந்து விழுகிற மாதிரி மழை. சுற்றிலும் கூடத்தில் ஜனங்கள். ஊர்த்தெருக் குழந்தையும் எங்கள் குழந்தையும் ஒரே கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு தூங்கின. வெளியே தென்னைகள் முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு ஓடுகூட நகரவில்லை. விடிந்ததும் நான் ஒரு தூணைத் தொட்டுக் கும்பிட்டேன். எனக்குப் பக்கத்தில் இன்னொருவரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். யார் என்று பார்த்தால் ஊர்த்தெரு ரெட்டியார்.

கல்யாணங்களுக்குத்தான் வீடு அதிகம் திறக்கிறது. அதில் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தத் தெருப் பெண்ணானாலும், எந்தச் சாதிப் பெண்ணானாலும், மேளத்தோடு பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போகவேண்டும். சமீபத்தில் ரெட்டியார் பேத்தி கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து வந்த ஒருவர், இது என்ன வழக்கம் என்று கேட்டார். சந்திரகிரி அரண்மனையில் ராஜாக்கள் காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்று ஒருவர் சொன்னார். லட்சுமி அடுப்படி வழியாகத்தான் வருவாள் என்றார் புரோகிதர். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வழக்கத்தின் முதல் நாளைப் பார்த்தவன் நான். பந்தியில் இடம் பிடிக்கப் போய்விட்டேன்.

கன்னியம்மா கேட்டது

எங்கள் பக்கம் கல்யாணம் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டில்தான். கன்னியம்மாவைப் பெண் பார்க்க வந்த அன்று, ரயில்வே மாமா முறுக்கு ஒன்றைக் கடித்துக்கொண்டே எங்கள் ஊரைச் சீண்டினார்.

"உங்கூர்ல பெரிய வூடு ஒண்ணு எல்லார்க்கும் பொதுவாமே? உங்களுக்குன்னு ஒரு நாளாச்சும் தொறந்தாங்களா?"

என் தகப்பனார் தலையைச் சொறிந்தார்.

"பொதுன்னா அங்க வெச்சிக் கல்யாணம் பண்ணுங்க, நாங்க வரோம். இல்லன்னா வுடுங்க, எங்கூர்லயே பந்தல் போட்டுக்கறோம். சீக்கிரம் சொல்லுங்க. நாளைக்கி எல்ல கட்டிட்டா நீங்க ஒரு ராஷ்டிரம், நாங்க ஒரு ராஷ்டிரம். அப்புறம் பொண்ண பாக்கணும்னா பாஸ்போட்டு கேப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. அவர்கள் போனபிறகு தகப்பனார் முன்னால் வந்து நின்றாள்.

"நைனா, அந்த வூட்லயே வெச்சிக்கலாம்."

"வாணாம்மா. அவுங்க ஊர்லயே நடக்கட்டும். ஊரு வாயில எதுக்கு வுழுவணும்?"

"வுழுந்தா நா ஏந்து வந்துடறேன். நீ ஏன் இப்பவே பயப்படறே?"

அவளுக்கு அந்த வீட்டின் மேல் இருந்தது ரோஷம் மட்டும் இல்லை. அவுரிக்காரர் குடும்பம் மாம்பழத்துக்கு வந்து தங்கும் நாட்களில், அவள் தொட்டியடியில் பாத்திரம் துலக்கப் போவாள். அங்கே உட்கார்ந்து பார்த்தால், அடுப்படிக் கதவு வழியாக உள்முற்றத்தின் ஒரு துண்டு தெரியுமாம். காலை வெயில் மேலேயிருந்து அதில் இறங்கும். நீலச் சுவரில் பட்டு அந்த இடமே வேறு நிறமாகிவிடும். இதை அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"அந்த வெளிச்சத்துல ஒருவாட்டி ஒக்காரணும்ண்ணா. கண்ணாலம் பண்ணிக்கினு போய்ட்டா அப்புறம் நா எங்க, இந்த வூடு எங்க?"

கேட்பதற்கு யார் போவது? தகப்பனார் மாட்டேன் என்றுவிட்டார். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நீதான் போற" என்றாள்.

மணியக்காரர் வீட்டு ஆணி

மணியக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் இரண்டையும் கலந்து பேசுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதையும் முடிவு செய்யப் பிடிக்காத மனுஷன். அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஏமிரா முனுசாமி, விறகு பொளந்தாச்சா?"

"ஆச்சிங்க."

"மரி, பின்ன எதுக்கு நிக்கிறே?"

"சும்மாங்க."

"சும்மா நிக்கிறதுக்கு இது என்ன புத்தூர் பஸ் ஸ்டாண்டா?"

உள்ளே போய்விட்டார். சாப்பிட்டு, கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் அங்கேயே நின்றேன். வெற்றிலை போட்டுக்கொண்டார். நான் நின்றேன். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து, "பாவம், அந்தப் புள்ள அப்போதிலேருந்து நிக்குது, ஏமிட்டோ அடகண்டி, என்னன்னு கேளுங்க" என்றார்.

"செப்புரா" என்றார் மணியக்காரர்.

"வூடு வேணுங்க."

"எந்த வூடு?"

"அவுரிக்காரர் வூடுங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு."

அவர் வாய் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"யார் கேக்கச் சொன்னது? உன் அப்பனா?"

"தங்கச்சிங்க."

"உங்க வூட்ல ஆம்பிளைங்களே இல்லியா?"

"நாங்கல்லாம் கீறோங்க. கேக்கச் சொன்னது அவதாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.  பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "குடுத்தா ஊரு என்னத் துன்னும். குடுக்கலன்னா அந்த வக்கீலய்யா சொன்ன பேச்சு என்னத் துன்னும்" என்றார். கடைசியில் தலையைத் திருப்பாமலே கையை மட்டும் காட்டினார்.

"சாவி அதோ ஆணில கீது. நா குடுக்கலே. நீ எடுத்துக்கினு போ."

அந்த ஆணி நிலைப்படிக்கு உள்பக்கம் இருந்தது. அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. அவரைப் பார்த்தேன். அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, கால்களை வெளியே வைத்து, உடம்பை உள்ளே சாய்த்துக் கையை நீட்டினேன். எட்டவில்லை. இன்னும் சாய்ந்தேன். அவர் வீட்டம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து சாவியை எடுத்து என் கையில் போட்டார்.

"விழுந்து மூக்க ஒடச்சிக்காத, நாயனா" என்றார், சொந்தப் பிள்ளையிடம் சொல்வதுபோல்.

சாவி ஒரு முழங்கை நீளம். இரும்பு சில்லென்று இருந்தது. வழியெல்லாம் அதைத் துண்டால் மூடி எடுத்துப் போனேன்.

உள்ளே

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கூட்டிப் பெருக்குவதற்காக முன்கதவைத் திறந்தேன். தள்ளத் தள்ள நகராத கதவு, நகர ஆரம்பித்ததும் தானாகவே போயிற்று. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம்.

பழைய சுண்ணாம்பு, வௌவால், எப்போதோ எரிந்த கற்பூரம், எல்லாம் சேர்ந்த வாசனை. தூண்கள் நான் கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காது. மரத்தூண்தான், ஆனால் தொட்டால் கல். சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்திருந்தார்கள். கிட்டே போனால் என் முகம் கலங்கலாகத் தெரிந்தது. கைக்கு எட்டாத உயரத்துக்கு மேலே சுவர் முழுக்க நீலம். அத்தனை வருடத்துக்குப் பிறகும், சாயங்கால வானம் கறுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்குமே, அந்த நீலம்.

அது எங்கள் கால்கள் அடித்து எடுத்த நீலம். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில் பின்வாசலுக்கு மேல் நாங்கள் வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கூரை வரைக்கும் நாங்கள்தான் இருந்தோம்.

இருமினேன். இருமல் நாலு மூலைக்கும் போய்த் திரும்பி வந்தது. யாரும் இல்லாத வீட்டில், துடைப்பம் தரையில் படாத மாதிரிப் பெருக்கினேன்.

இருட்டுவதற்கு முன் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாள் மரத்தைக் குறுக்கே போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். சமையலுக்கு எங்கள் பெண்கள் விடியுமுன்னே பின்பக்கமாக வந்து அடுப்பு மூட்டுவதாகப் பேச்சு. முகூர்த்தத்துக்கு முன் நான் முன்பக்கம் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வேண்டும். மேளம் ஊர்த்தெரு வழியாக வந்ததும், உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்கவேண்டும்.

"முன்வாசலுக்கு. தெரிஞ்சிதா? முன்வாசலுக்கு" என்று தகப்பனார் மேளக்காரர் பொன்னனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எத்தினிவாட்டி சொல்லுவ ஏழுமல? எனக்கின்னா காது செவுடா?" என்றார் பொன்னன்.

திறந்த கதவு

செவிடு இல்லை. பின்னால் நான் கேட்டபோது அவரே சொன்னார். தோப்பு முனையில் வலப்பக்கம் திரும்பத்தான் நினைத்தாராம். ஊர்த்தெருவில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. பயந்தீர்களா என்று கேட்டேன். "பயந்தேனோ இன்னாவோ, கால் போய்டுச்சிடா" என்றார். அவர் கால் போன பக்கம் பின்னால் வந்த எல்லார் காலும் போயிற்று. அந்தப் பள்ளமான பாதையில் இறங்கிய பிறகுதான் என் தகப்பனாருக்கே தெரிந்ததாம். அப்போது திரும்பினால் இன்னும் அசிங்கம்.

இது எதுவும் முன்னால் நின்ற எனக்குத் தெரியாது. மேளம் தேய்ந்து போனது. புங்க மரத்தடியில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். ஒருவன் தெலுங்கில் ஏதோ சொன்னான், இன்னொருவன் துப்பினான். அங்கே ஓரமாக மணியக்காரரும் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், கல்யாணப் பொண்ணு கொல்லப்பக்கமா வருமா?" ரயில்வே மாமாவின் குரல் இப்போது விளையாட்டாக இல்லை. "எங்கள இங்க நிக்க வெச்சிட்டு? வண்டியப் பூட்டச் சொல்லட்டா?"

கன்னியம்மா கேட்டது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இனி வண்டி பூட்டுவார்கள். வடமாலபேட்டையில் பந்தல் போடுவார்கள், போடாமலும் போகலாம். ஊரில் ஆயுசுக்கும் பேசுவார்கள்.

மேளச் சத்தம் கொஞ்ச நேரம் சுத்தமாக நின்றுவிட்டது. தொட்டியடிக்குப் போனால் கால் கழுவாமல் யாரும் மேலே போகமாட்டார்கள். அதுதான் அந்த மௌனம். கல்யாணப் பெண்கூடக் கழுவியிருக்கிறாள்.

பிறகு சத்தம் மறுபடி எழுந்தது. ஆனால் அது வெளியே இருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அடுப்படி வழியாக உள்ளே வந்து, கூடத்தில் ஏறி, தூண்களில் மோதி, உயரத்து நீலச் சுவர்களில் மோதிப் பெருகிற்று. முந்தின நாள் என் ஒற்றை இருமலைத் திருப்பி அனுப்பிய வீடு, இப்போது ஒரு மேளத்தைப் பத்து மேளமாக்கிற்று. என் முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்ந்தது. பித்தளைக் குமிழ்கள் நடுங்குவதைப் பார்த்தேன். ரயில்வே மாமா இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். புங்க மரத்தடியில் எல்லாரும் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

உள்ளே குறுக்கு மரத்தைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

கதவின் இரண்டு பலகைகளும் உள்பக்கமாகத் திறந்தன. நிலைப்படிக்கு உள்ளே கன்னியம்மா நின்றாள். மஞ்சள் சேலை, ஈரக் கால்கள். அவளுக்குப் பின்னால் என் தாயார், தகப்பனார், பொன்னன், எங்கள் சேரி முழுக்க, கூடம் நிறைய. வாசலுக்கு வெளியே மாப்பிள்ளை வீட்டார். அவர்களுக்குப் பின்னால் தெருவில் ஊர். நான் ஊரோடும் விருந்தாளிகளோடும் வெளியே நின்றேன்.

யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரமுடியாது.

கன்னியம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அவள் கண்கள் ஒருமுறை தெரு முழுக்கப் போய்த் திரும்பின. கல்யாணப் பெண் பேசக்கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவள் பேசினாள்.

"உள்ள வாங்க" என்றாள்.

ரயில்வே மாமாதான் முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றினார். மாப்பிள்ளையும் மற்றவர்களும் வரிசையாக நிலைப்படி தாண்டினார்கள். தகப்பனார் ஒவ்வொருவருக்கும் வாங்க, வாங்க சொன்னார். எல்லாரும் உள்ளே போனபிறகு, தெருவில் மிச்சம் இருந்தது புங்க மரத்தடிக் கூட்டம்தான். தகப்பனார் அந்தப் பக்கம் பார்த்தார். மணியக்காரரிடம் பேசும்போது தகப்பனாரின் தோள் துண்டு எப்போதும் அவர் கைக்கு வந்துவிடும். அன்று ஆரத்தித் தட்டு ஒரு கையில், வெற்றிலைத் தட்டு ஒரு கையில். துண்டு தோளிலேயே இருந்தது.

"மணியக்காரரே, நீங்களும் வாங்க" என்றார்.

மரத்தடியில் இருந்தவர்கள் மணியக்காரரைப் பார்த்தார்கள். எதையும் முடிவு செய்யப் பிடிக்காத மனுஷனுக்கு அது நீண்ட நேரமாக இருந்திருக்கும். எங்களுக்கும் நீண்ட நேரமாகத்தான் இருந்தது. பிறகு, "வஸ்தா, வரேன்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு தெருவைக் கடந்தார். செருப்பைக் கழற்றினார். அந்த வீட்டுக்குள் எத்தனையோ முறை போனவர், நிலைப்படி தாண்டியதும் நின்றுவிட்டார்.

"நா எங்க ஒக்காரட்டும் ஏழுமல?" என்று கேட்டார்.

தகப்பனார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தூண்களைப் பார்த்தார், உயரத்து நீலத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

"எங்க வேணாலும் ஒக்காருங்க. நானும் இப்பத்தான் வரேன்" என்றார்.

எங்கள் சேரிக் கல்யாணங்களுக்கு வரும் புரோகிதர் மணையைத் தேடிக்கொண்டிருந்தார். கன்னியம்மா யாரும் சொல்வதற்கு முன்னாலேயே முற்றத்தருகே போய் உட்கார்ந்துவிட்டாள். காலை வெயில் அப்போதுதான் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.